அச்சம் தேடும் காரணம்: வதந்தியும் சமூக உளவியலும்

நான் வசிக்கும் தவளக்குப்பத்திலிருந்து கடலை நோக்கிச் சென்றால், சிறிது தொலைவில் நல்லவாடு என்னும் மீனவர் கிராமம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று அந்தச் சிற்றூர் தப்பிய விதம் உலகச் செய்தியானது. சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், இந்தோனேசியாவைத் தாக்கிய நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றிக் கேள்விப்பட்டு, தம் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் வீட்டுக்குள் கசிந்துகொண்டிருப்பதாக அவர்கள் கூறினர். உடனே வெளியேறும்படியும் ஊரை எச்சரிக்கும்படியும் அவர் வற்புறுத்தினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் சிதைந்தன. ஆனால், ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே நாளில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், பெரும்பாலும் காரைக்காலில், ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தார்கள்.

நான்கு நாள்களுக்குப் பின், டிசம்பர் 30 அன்று, இன்னொரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்தே எச்சரிக்கை வந்தது. நிவாரணப் பணிகளை விட்டுவிட்டு மக்கள் கடற்கரையெங்கும் ஓடினார்கள். பேரலை வரவில்லை. அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மத்திய அரசின் இன்னொரு துறை அன்றே விளக்கம் தரவேண்டியதாயிற்று.

முதல் செய்தி தனிமனிதர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு. அதை யாரும் சரிபார்க்கவில்லை. அது உயிர்களைக் காத்தது. இரண்டாவது செய்தி அரசிடமிருந்து வந்தது. அது வீண் பீதியைக் கிளப்பியது. கேட்டவர்களின் படிப்பும் அறிவும் அந்த நான்கு நாள்களில் மாறிவிடவில்லை. அப்படியானால், ஒரு செய்தி நம்பப்படுவதையும் பரப்பப்படுவதையும் முடிவு செய்வது எது? சமூக உளவியல் என்னும் துறை ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்துவரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அந்த ஆய்வின் முதன்மையான ஒரு வேர் இந்திய மண்ணில்தான் ஊன்றப்பட்டது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இடைப்பட்ட ஓர் அறிவியல்

உளவியல் தனிமனிதரின் மனத்தை ஆராய்கிறது; சமூகவியல் குழுக்களையும் நிறுவனங்களையும் ஆராய்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சமூக உளவியல். பிறர் அருகில் இருப்பதாலும், அருகில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்வதாலும்கூட, நம் எண்ணமும் உணர்வும் செயலும் எப்படி மாறுகின்றன என்பதே அதன் கேள்வி. யாருமில்லாத தெருவில் குப்பையைக் கீழே போடத் தயங்குகிறவரிடம், அங்கே இல்லாத அண்டை வீட்டார் செல்வாக்குச் செலுத்துகிறார்கள்.

இத்துறையின் தொடக்கப் பரிசோதனைகளில் ஒன்றாக 1898இல் அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்ளெட் வெளியிட்ட ஆய்வைச் சொல்வார்கள். மிதிவண்டிப் பந்தயங்களில் தனியாக ஓட்டுவோரைவிடப் போட்டியாளருடன் ஓட்டுவோர் விரைந்து செல்வதைப் பதிவேடுகளில் கவனித்த அவர், சிறுவர்களைக் கொண்டு தூண்டில் சக்கரத்தைச் சுழற்றச் செய்து அதைச் சோதித்தார். 1908இல் வில்லியம் மக்டூகல், எட்வர்ட் ராஸ் ஆகியோர் சமூக உளவியல் என்ற பெயரையே தலைப்பில் கொண்ட நூல்களைத் தனித்தனியே வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகளில் இந்தியாவும் அந்த வரிசையில் சேர்ந்தது. ராதாகமல் முகர்ஜியும் நரேந்திரநாத் சென்குப்தாவும் இணைந்து எழுதிய சமூக உளவியல் அறிமுக நூல் 1928இல் வெளிவந்தது.

பாட்னாவில் ஒரு புதிர்

1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்து வந்த நாள்களில் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலாளர் முறையாகத் திரட்டினார். கங்கையின் நீர் வற்றி மறைந்துவிட்டது. பாட்னாவைக் கடும் புயல் தாக்கப்போகிறது. நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது. சந்திர கிரகணத்தன்று மீண்டும் நிலம் நடுங்கும். குறிப்பிட்ட ஒரு நாளில் பிரளயம் வரும் – இப்படி நீண்டது பட்டியல். அவருடைய கட்டுரை 1935இல் பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழில் வெளியானது.

1950களின் தொடக்கத்தில் அதைப் படித்த லியான் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளரை ஒரு கேள்வி நிறுத்தியது. அதிர்வை உணர்ந்திருந்தாலும் பேரழிவைக் கண்ணால் காணாத மக்களிடையே எழுந்த வதந்திகள் அவை. துன்பத்தைத் தவிர்க்கவே மனிதர்கள் விரும்புவார்கள் என்றால், தப்பிப் பிழைத்தவர்கள் தங்களை மேலும் அச்சுறுத்தும் கதைகளை ஏன் உண்டாக்கி, நம்பி, பரப்ப வேண்டும்?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இந்திய ஆய்வு அவருக்குக் கிடைத்தது. 1950இல் டார்ஜிலிங்கில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின் உலவிய செய்திகளையும் வதந்திகளையும் துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்து, 1952இல் வெளியிட்டிருந்தார். அங்கே மக்கள் அழிவின் நடுவிலேயே இருந்தார்கள். அவர்களிடையே, இதைவிடப் பெரிய பேரிடர் வரப்போகிறது என்ற வகை வதந்திகள் காணப்படவில்லை.

இந்த வேறுபாட்டிலிருந்து ஃபெஸ்டிங்கர் ஒரு விளக்கத்தை எட்டினார். நிலம் அதிர்ந்ததும் உடலும் உள்ளமும் நடுங்கின. சுற்றிப் பார்த்தால் எல்லாம் முன்போலவே இருக்கிறது. அச்சம் இருக்கிறது, அதற்கான காரணம் கண்ணில் படவில்லை. இந்தப் பொருத்தமின்மை மனத்தை உறுத்துகிறது. அச்சத்துக்கு ஏற்ற ஒரு காரணத்தை வதந்தி கொண்டுவந்து தருகிறது. ஆகவே, அந்த வதந்திகள் அச்சத்தை உண்டாக்கியவை அல்ல. ஏற்கெனவே இருந்த அச்சத்தை நியாயப்படுத்தியவை. டார்ஜிலிங்கில் அச்சத்தின் காரணம் கண்முன்னே கிடந்தது, கதை தேவைப்படவில்லை.

1957இல் ஃபெஸ்டிங்கர் நூலாக வெளியிட்ட ‘அறிதல் முரண்பாடு’ என்னும் கோட்பாடு இந்தப் புள்ளியிலிருந்து வளர்ந்தது. நூலின் முன்னுரையில் பிரசாத்தின் ஆய்வை அவரே குறிப்பிடுகிறார். உலகெங்கும் உளவியல் வகுப்புகளில் கற்பிக்கப்படும் அக்கோட்பாட்டின் விதை, பிகார் மக்களின் பேச்சைக் கேட்டு எழுதிவைத்த ஒரு பதிவிலிருந்து வந்தது.

களத்திலிருந்து ஆய்வகத்துக்கு

ஆயினும், பாட்னாவையும் டார்ஜிலிங்கையும் ஒப்பிடுவது சான்று ஆகிவிடாது. ஒன்று நிலநடுக்கம், மற்றொன்று நிலச்சரிவு. காலம் வேறு, மக்கள் வேறு, ஆய்வாளரும் வேறு. வதந்திகள் மாறுபட்டதற்கு இவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம். களஆய்வு கருதுகோளைத் தரும். அதைச் சோதிக்க வேறொரு வழி வேண்டும்.

அந்த வழிதான் பரிசோதனை. 1959இல் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலையில் ஈடுபடுத்தினார்கள். பின்பு, காத்திருக்கும் அடுத்த மாணவரிடம் ‘வேலை சுவையானது’ என்று பொய் சொல்லும்படி கேட்டு, சிலருக்கு ஒரு டாலரும் சிலருக்கு இருபது டாலரும் கொடுத்தார்கள். கடைசியில், உண்மையில் வேலை எப்படி இருந்தது என்று கேட்டபோது, ஒரு டாலர் பெற்றவர்களே அதை அதிகம் விரும்பியதாகக் கூறினார்கள். இருபது டாலர் பெற்றவர் பணத்துக்காகப் பொய் சொன்னேன் என்று ஆறுதல் அடையலாம். ஒரு டாலர் பெற்றவருக்கு அந்தச் சாக்கு போதவில்லை. எனவே, தம் கருத்தையே மாற்றிக்கொண்டார்.

யாருக்கு எவ்வளவு பணம் என்பது தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது என்பதில்தான் இம்முறையின் வலிமை இருக்கிறது. பிற வேறுபாடுகள் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுவதால், எஞ்சும் விளைவுக்குப் பணத்தைக் காரணமாகக் கொள்ளலாம். கவனித்தல், ஒப்பிடுதல், கருதுகோள் அமைத்தல், பரிசோதித்தல் என்ற இந்தப் படிகள் வழியாகத்தான் சமூக உளவியல் வெறும் கருத்துரையிலிருந்து அறிவியலாக உயர்ந்தது.

வதந்தி உருமாறும் விதம்

இரண்டாம் உலகப் போர்க்கால வதந்திகளை ஆராய்ந்த கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் 1947இல் எழுதிய நூலில் ஒரு எளிய சூத்திரத்தை முன்வைத்தார்கள். வதந்தியின் வேகம் என்பது, செய்தி நமக்கு எவ்வளவு முக்கியமானது என்பதையும், அது எவ்வளவு தெளிவற்றது என்பதையும் பெருக்கிவரும் விடை. கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழியே. புயலின்போது செய்தியின் முக்கியத்துவத்தை நம்மால் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைக்க முடியும். வதந்தியைத் தடுக்க நினைக்கும் நிர்வாகம் கைவைக்க வேண்டிய இடம் அதுவே.

இன்னொரு பரிசோதனையில் அவர்கள் ஒரு படத்தை ஒருவருக்குக் காட்டி, அதை அடுத்தவருக்கு விவரிக்கச் செய்து, வாய்வழியாகப் பலரைக் கடக்கவிட்டார்கள். விவரங்கள் உதிர்ந்தன, எஞ்சியவை கூர்மையடைந்தன, கேட்பவரின் முன்முடிவுக்கு ஏற்பக் கதை வளைந்தது. படத்தில் வெள்ளையர் ஒருவர் கையில் சவரக்கத்தி இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட அமர்வுகளில், அந்தக் கத்தி கறுப்பினத்தவர் கைக்கு மாறிவிட்டது.

அந்தக் கத்தி நம் ஊரிலும் கைமாறியிருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவியபோது, குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற குடும்பத்தினர் போளூர் அருகே தாக்கப்பட்டு, முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்மீது ஐயம் எழப் போதுமானதாக இருந்தது. அதே நாள்களில் பழவேற்காட்டில் ஓர் ஆடவர் கொல்லப்பட்டார். இருவரும் அந்தந்த ஊருக்கு அந்நியர்கள். 2023 மார்ச்சில், பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துச் செல்லும் நிலை உருவானது. ஒருபுறம் வந்தவரைக் கண்டு ஊர் அஞ்சியது. மறுபுறம் ஊரைக் கண்டு வந்தவர் அஞ்சினார். இருதரப்பிலும் அச்சம் தனக்கான முகத்தைத் தேடிக்கொண்டது.

கூட்டத்தில் ஒரு குரல்

ஒரு கூட்டம் கொலையில் இறங்கும்போது, அங்கிருந்த அனைவருமே கொடியவர்களா? 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய ஆய்வுகள் இதற்கு ஓர் ஒளியைத் தருகின்றன. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, ஆய்வாளருடன் முன்கூட்டியே பேசிவைத்தவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைக் கூறும்படி செய்தார் அவர். உண்மையான பங்கேற்பாளர்கள், கண்ணெதிரே தெரிந்த உண்மையை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை அந்தத் தவற்றையே வழிமொழிந்தார்கள். ஆனால், கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னால், இப்படி இணங்கிப்போவது கால்பங்காகக் குறைந்தது.

1968இல் லட்டானேயும் டார்லியும் ஒரு அறைக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்த் தெரிவித்தார்கள். அசையாமல் அமர்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவர் அருகில் இருந்தபோது, தெரிவித்தவர்கள் 10 விழுக்காட்டினரே. பிறர் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்தை அளக்கிறோம். ‘பக்கத்து வீட்டார் கிளம்பவில்லையே’ என்று புயல் எச்சரிக்கையைக் கடந்து வீட்டிலேயே இருந்துவிடுவதும் இதே வகைதான். ஒருவர் முதலில் எழுந்தால் பலர் எழுவார்கள். ஒருவர் ‘நிறுத்துங்கள்’ என்றால் கூட்டத்தின் ஒருமித்த தோற்றம் உடையும்.

ஐயத்துக்கும் இடம் உண்டு

இந்த ஆய்வுகளை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. வாய்வழிப் பரிசோதனையில் கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. நம் டீக்கடையில் முடியும். வதந்தி என்பது, தகவல் இல்லாத சூழலில் மக்கள் கூடிப்பேசி நிலைமையைப் புரிந்துகொள்ளும் முயற்சி என்று சமூகவியலாளர் ஷிபுடானி 1966இல் வாதிட்டதும் இதனால்தான். சரிபார்க்கப்படாத செய்தி என்பதே வதந்தியின் இலக்கணம். அது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஃபெஞ்சல் புயலை ஒட்டி, 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரைகள் வெள்ளக்காடாயின. அந்நேரத்தில் ‘அணை திறந்துவிட்டார்கள்’ என்று கைபேசியில் வந்த குரல்பதிவைப் புரளி என்று தள்ளியவர் ஆபத்தில் சிக்கியிருப்பார்.

மேலும், மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் கண்டதை மனித குலம் முழுமைக்கும் பொதுவாக்கலாமா என்ற வினா 2010க்குப் பின் வலுத்திருக்கிறது. 2015இல், உளவியல் ஆய்வுகள் நூறு மீண்டும் நடத்தப்பட்டபோது, ஏறத்தாழ 36 விழுக்காடு மட்டுமே தெளிவான முடிவுகளைத் தந்தன. அத்துறையே தன்னைச் சோதித்து வெளியிட்ட கணக்கு இது. டார்ஜிலிங்கை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹா, பின்னாளில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, இந்திய வாழ்க்கையிலிருந்து கேள்விகளை எடுக்கும் உளவியல் வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த வேண்டுகோள் இன்னும் பழசாகவில்லை.

அடுத்த புயலுக்கு முன்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். நல்லவாட்டு ஒலிபெருக்கி அன்று புதிதாகப் பேசத் தொடங்கியதன்று. கடலின் நிலையைப் பற்றி அது வழக்கமாக அறிவித்துவந்தது. பேசியவர்கள் ஊரார். சொன்ன செய்தி, வீட்டுக்குள் கசிந்த நீரோடு பொருந்தியது. என்ன செய்யவேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது. டிசம்பர் 30 எச்சரிக்கையிலோ, எங்கே, எப்போது, எவ்வளவு என்ற விவரம் இல்லை. இந்தியப் பெருங்கடலில் அதைச் சரிபார்க்கும் கருவியமைப்பும் அன்று இல்லை. முக்கியத்துவமும் தெளிவின்மையும் உச்சத்தில் நின்றன.

கருவிகளின் குறை பின்னர் நீங்கியது. 2007இல் ஹைதராபாதில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கடல்மட்ட அளவீடுகளைப் பார்த்து, சில மணி நேரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால், மையத்திலிருந்து குடிசை வரை செய்தி வரும் கடைசிக் கட்டம் கருவிகளால் ஆனதன்று, நம்பிக்கையால் ஆனது.

ஆகவே, புதுச்சேரி நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, கடலோர ஊர்களின் ஒலிபெருக்கிகளும் அறிவிப்பாளர்களும் பேரிடர் நாளில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் இயங்கட்டும்; பழகிய குரலே இடரில் நம்பப்படும். இரண்டாவது, ‘வதந்திகளை நம்பாதீர்’ என்ற பொதுவான அறிவிப்பு எதையும் தெளிவாக்குவதில்லை. எந்த ஏரி, இப்போது எத்தனை அடி, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

மூன்றாவது, கல்லூரிகளுக்கானது. ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. அந்த இரவில் எங்கள் பகுதிக் கைபேசிகளில் உலவிய குரல்பதிவுகளில் எவை மெய், எவை பொய், எவை மக்களைக் காத்தன, எவை கலங்கவைத்தன என்பதைச் சொல்லும் ஒரு தொகுப்பு நமக்கு வேண்டும். பெயர்களை நீக்கி, ஒப்புதல் பெற்று, புயல் கடந்த முதல் வாரத்திலேயே மாணவர்களால் அவற்றைத் திரட்ட முடியும். 1934இல் பாட்னாவில் செய்ய முடிந்ததை, வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் கதவைத் தட்டும் இந்தக் கரையில் நம்மாலும் செய்ய முடியும். அச்சம் எந்தக் காரணத்தைத் தேடுகிறது என்று அறிந்திருந்தால்தான், வதந்தி வந்து சேரும் முன் உண்மையை அங்கே கொண்டுபோய் நிறுத்த இயலும்.